ஏழாம் பிரிவில் என் கையெழுத்து

தர்கஸ்
பஹ்மன் 9

அன்பு மகள் கவ்ஹருக்கு,

இறைவன் கருணையால் இங்கே நானும் இந்த வீடும் ஏதோ நின்றுகொண்டிருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை எஸ்கந்தரும் பிள்ளைகள் பஹ்ராம், லாலே இருவரும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்கிறேன். இந்த வருஷம் பனி அதிகம், கூரையிலிருந்து இரண்டு தடவை தள்ளியாயிற்று, முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. உன் அம்மாவின் நாற்பதாம் நாளுக்கு அல்வா கிண்டி தெருவுக்கெல்லாம் கொடுத்தோம். உன் கடிதம் அதற்கு மறுநாள்தான் வந்தது. அஷ்காபாத் கடைத்தெருவில் மாப்பிள்ளை கேட்டு வந்ததாக எழுதியிருந்தாய். "எல்லை ஒப்பந்தத்துல ஏழாம் பிரிவுல உங்க கையெழுத்துதான் இருக்காமே, அம்மா சாகும்போது நான் வர முடியாமப் போனதுக்கு யார் காரணம்னு நீங்களே சொல்லுங்கப்பா" என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன். இதைத் தபாலிலேயே போடுகிறேன், வழியில் பிரித்துப் படிப்பவர்கள் படிக்கட்டும்.

நல்ல கையெழுத்தும் கொஞ்சம் ரஷ்ய மொழியும் இருந்ததால் பத்தொன்பது வயதில் வெளியுறவு அலுவலில் சேர்ந்தேன். திபிலிசியில் பதினைந்து வருஷம் எழுத்தர், பிறகு அஷ்காபாத்தில் நம் தூதரகத்தில் எட்டு வருஷம் கான்சல். நீ வளர்ந்ததும் எஸ்கந்தரைக் கட்டிக்கொண்டதும் அங்கேதான், அதனால் அந்தத் தூதரக வாசல் உனக்கே தெரியும். கடவுச்சீட்டு கேட்டு வருவார்கள், செத்துப்போன கூலியாளின் உடலை ஊருக்கு அனுப்பச் சொல்லி வருவார்கள், ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை என்று எனக்குப் பெருமை. பிறகு அங்கே அரசு மாறியது, என்னைத் திருப்பி அழைத்து எல்லை ஆணையராகப் போட்டார்கள். ஆறு வருஷத்துக்கு முன் மழையே இல்லை. நம் மேய்ப்பர்கள் முப்பத்தெட்டுப் பேர் புல் தேடி ஆடுகளோடு சங்காப் ஓடையைத் தாண்டிப் போனார்கள், அந்தப் பக்கக் காவல் அவர்களைப் பிடித்து அடைத்துவிட்டது. அவர்களை மீட்கத்தான் ஓடைக்கரையில் கூடாரம் போட்டு ஒன்பது நாள் பேசினோம்.

எதிர்த்தரப்பில் ஓசிபோவ் என்ற அதிகாரி, கெட்டவன் இல்லை. ஆட்களை விட வேண்டுமானால் ஓடைத் தண்ணீரில் வாரத்துக்கு இரண்டு நாள் கூடுதலாக வேண்டும் என்றான். ஒரு சொட்டும் கூடாது, வேறு எதை வேண்டுமானாலும் கொடு என்று எனக்குத் தலைநகரத்திலிருந்து தந்தி. "தண்ணி தர மாட்டீங்க, அப்ப ஆள் போக்குவரத்தை நிறுத்திக்குவோம் மீர்சா அஸதுல்லா. நானும் எங்க மேலிடத்துக்கு எதையாவது கொண்டு போகணுமில்ல" என்றான். கல்யாணம், சாவு இரண்டுக்கும் மட்டும் விலக்கு என்று எழுதிக் கொடுத்தேன். பேனாவால் அடித்துவிட்டு, "இதை விட்டா உங்க ஊர்ல வாரம் பத்துக் கல்யாணம் நடக்கும்" என்று சிரித்தான். கூடாரத்துக்கு வெளியே மேய்ப்பர்களின் மனைவிமார் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதாம் நாள் காலை, சிறையில் காய்ச்சல் கண்டு இரண்டு பேர் போய்விட்டார்கள் என்று செய்தி வந்தது. யாரும் ஓடையைக் கடக்கக் கூடாது என்று ஏழாம் பிரிவை எழுதி, அன்று மதியமே கையெழுத்துப் போட்டேன். முப்பத்தாறு பேர் வீடு திரும்பினார்கள்.

இதோடு நிறுத்தினால் உன் அப்பா நல்லவன் ஆகிவிடுவான். ஆனால் கையெழுத்துப் போடும்போது உன் நினைவு வராமல் இல்லை, கவ்ஹர். நான் அதிகாரி, என் மகளுக்கு ஒரு தாள் வாங்க எனக்கா தெரியாது என்று நினைத்தேன். விதி ஊருக்கு, எனக்கில்லை என்று நினைத்தேன். அதுதான் என் குற்றம். வீட்டுக்கு வந்து சொன்னபோது உன் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே, "முப்பத்தாறு வீட்டுல இன்னைக்கு அடுப்பு எரியும், அது நீங்க செஞ்சது. என் பொண்ணு வீட்டுக்கு இனி வழியில்லை, அதுவும் நீங்க செஞ்சதுதான். ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணை மறைக்காதீங்க" என்றாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த வருஷமே எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அவள் நோயில் படுத்த பிறகு உனக்காக நான்கு மனு போட்டேன். நான்குக்கும் ஒரே பதில், ஏழாம் பிரிவின்படி இயலாது என்று. கீழே அந்தப் பிரிவை அப்படியே எடுத்து எழுதியிருந்தார்கள், ஒவ்வொரு சொல்லும் நான் எழுதியது. கடைசி இரண்டு நாள் அவள் என்னைத் திட்டவில்லை. பிள்ளைகளின் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். லாலேயை அவள் பார்த்ததே இல்லையே.

போன மாதம் கோவேறு கழுதையில் ஓடைப் பாலத்துக்குப் போனேன். ஓசிபோவ் அங்கேதான் இருக்கிறான், தலை நரைத்துவிட்டது. "நீங்களே எழுதினதை நானா மாத்த முடியும்?" என்றான். மாற்ற வேண்டாம், படி என்றேன். கடக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது, அவரவர் கரையில் நிற்கக் கூடாது என்று எங்கே இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு தடவை படித்தான். சிரிப்பான் என்று நினைத்தேன், தொப்பியைக் கழற்றி உன் அம்மாவைப் பற்றி விசாரித்தான். பிறகு, "ஒரு மணி நேரம். கத்தக் கூடாது, எதையும் தூக்கிப் போடக் கூடாது" என்றான்.

ஆகவே நவ்ரூஸ் புத்தாண்டு கழிந்து நாலாம் நாள், மதியத்துக்கு முன், ஓடையின் உன் பக்கக் கரையில், இடிந்த மாவு ஆலைக்கு எதிரே வா. உனக்குக் கோபம் தீரவில்லை என்றால் நீ வர வேண்டாம், எஸ்கந்தரோடு பிள்ளைகளை மட்டும் அனுப்பு. யாரும் வராவிட்டாலும் அந்த ஒரு மணி நேரம் நான் இந்தக் கரையில் நின்றுவிட்டுத்தான் போவேன். மன்னிப்புக் கேட்க இந்தக் கடிதம் போதாது என்று தெரியும்.

மாப்பிள்ளைக்கு என் சலாம், பிள்ளைகளின் நெற்றியில் என் முத்தம். உன் வீட்டில் ரொட்டியும் நிம்மதியும் குறையாமல் இருக்கட்டும், இறைவன் உன்னைக் காக்கட்டும். லாலேக்குச் சிவப்புத் துணி உடுத்தி அழைத்து வா, என் கண் முன்போல் இல்லை. பஹ்ராமின் கையை மட்டும் விடாதே. முழங்கால் அளவுத் தண்ணீர்தான், தாண்டி வந்துவிடலாம் என்று குழந்தைக்குத் தோன்றும்.

உன் அப்பா,
அஸதுல்லா