பாலத்தில் நின்ற கதை

மாண்ட்ரியல்
4 மே 2009

அன்பு மகள் தீர்ஸாவுக்கு அம்மா எழுதுவது. நான் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. வான்கூவரில் நீ இருமல் இல்லாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். பஸ்கா பண்டிகைக்கான பாத்திரங்களை மேல்தட்டில் ஏற்றிவிட்டேன், தனியாக ஏணியில் ஏறியதற்குத் திட்டாதே. உன் படப் புத்தகம் வந்தது. ஏழாம் பக்கத்தில் தையற்காரியின் இடது கையில் இருக்கும் மெழுகுவர்த்தி எட்டாம் பக்கத்தில் வலது கைக்குப் போய்விட்டது, பதிப்பாளரிடம் சொல்.

எட்டு நாளைக்கு முன், ஞாயிறன்று, நம் ஜெபக்கூடத்தில் அதைப் பிள்ளைகளுக்கு வாசித்தார்கள். ஏழைத் தையற்காரி ஓய்வுநாள் விளக்கேற்ற நெருப்புக் கேட்டுப் பனியில் போவதும், பாலத்தில் ஒரு கிழவன் மறித்து அவளுடைய ஒரே மெழுகுவர்த்தியைக் கேட்பதும் நான் உனக்குச் சொன்னது. கிழவன் எலியா தீர்க்கதரிசி ஆவதும், மெழுகுவர்த்தி எரிந்து தீராமலே இருப்பதும் நீ சேர்த்தது. கடைசி வரியைப் பிள்ளைகள் ஒன்றாகக் கத்தினார்கள். பக்கத்து வீட்டு ஃப்ரூமா என் விலாவில் இடித்து, ஏன்டி ரெஜின், நாப்பது வருஷமா பாதிக் கதை சொல்லியே ஏமாத்தினே, உன் பொண்ணு பாரு, முழுசா குடுத்துட்டா என்றாள். நானும் சிரித்து வைத்தேன்.

முடிவு மறந்துபோயிற்று என்று உன்னிடம் சொன்னது பொய். பெல்ஜியத்தில், நாஜிகள் யூதர்களைப் பிடித்துக்கொண்டு போன காலத்தில், எனக்கு ஐந்து வயதில், அம்மா அந்தக் கதையைப் பாலம் வரை சொல்லியிருந்தபோது என்னை மடத்தில் ஒளித்து வைக்கக் கன்னியாஸ்திரி வந்துவிட்டார். என் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே அம்மா, மீதியை நான் வந்து சொல்றேன், அதுக்குள்ள நீயா முடிச்சுடாதேடி என்றாள். அவள் வரவில்லை. அறுபத்தேழு வருடமாக நான் முடிக்கவில்லை. எருசலேம் ஆலயம் இடிந்ததை மறக்கக்கூடாதென்று உன் அப்பா வாசலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு முழம் பூச்சில்லாமல் விட்டாரே, அதில் படம் வரையக் கேட்டு நீ அழுதும் அவர் விடவில்லை. கதையையும் நான் அப்படித்தான் விட்டு வைத்திருந்தேன். காரணத்தைச் சொல்லாதது என் திமிர், உன்மேல் குற்றமில்லை.

ஒவ்வொரு வெள்ளியும் ஓய்வுநாள் விளக்கேற்றுமுன் அதைப் பாலம் வரை மனதுக்குள் அம்மாவின் குரலில் கேட்பேன். அவளுடைய புகைப்படம் ஒன்றுகூட இல்லை, முகம் எப்போதோ போய்விட்டது, குரல் ஒன்றுதான் இருந்தது. இந்த வெள்ளி பாலத்துக்கு வந்ததும் பிள்ளைகள் கத்திய அந்த வரிதான் வந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன், மறுபடியும் அதுவே. பொழுது சாய்ந்தபின் நெருப்பைத் தொடக்கூடாதே, விளக்கேற்றும் நேரம் தவறிவிட்டது, வாழ்நாளில் முதல் தடவை. இருட்டில் உட்கார்ந்திருந்தேன். இனி அவள் வருவாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

புத்தகத்தை மாற்று என்று கேட்கவில்லை, பிள்ளைகளுக்கு முடிவு வேண்டும். ஆனால் கிழவன் கூப்பிடும் இடத்தை என் அம்மா சொன்னது போலவே உனக்குச் சொல்லியிருக்கிறேன். எந்தச் சொல்லை இழுத்தேன், எங்கே மூச்சு விட்டேன், எங்கே குரலை இறக்கினேன், நினைவிருப்பதை எழுது. கொஞ்சமாக இருந்தாலும் எழுது.

உன் தலை இங்கே இருப்பதாக எண்ணி இரண்டு கையையும் வைக்கிறேன், நூற்றிருபது வயது வரை நன்றாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே, எழுதி முடிக்கும் வரை உன் புத்தகத்தைத் திறக்காதே.

உன் அம்மா
ரெஜின்