பெடல் இல்லாமல் வந்த கீபோர்டு

அன்புள்ள சின்னவளுக்கு, அம்மா எழுதுகிறேன்.

இங்கே உன் அப்பாவின் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று வழக்கம்போல எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நல்ல புத்தியோடு இருக்கிறவள் செய்கிற காரியத்தையா நீ செய்திருக்கிறாய்? அதனால் நீ நலமா இல்லையா என்பதை நீயே எழுது, நான் ஊகித்து எழுதுவதாக இல்லை.

போன வாரம் நம் குழாய்க் கடையில் கூட்டம் நெரிகிற நேரம் பார்த்து ஒரு பார்சல் வண்டி வந்து நின்றது. நானும் ஏதோ வால்வுச் சரக்கு என்று நினைத்து இறக்கச் சொன்னேன், இறக்கினால் ஒரு பெட்டி ஆள் நீளம், இரண்டு பெட்டி தூக்க முடியாத கனம், மீதி சின்னதும் பெரியதுமாக, எல்லாவற்றின் மேலும் உன் கையால் எழுதிய விலாசம். முன்னாலும் ஒரு போன் இல்லை, பின்னாலும் ஒரு போன் இல்லை. மறுநாள் உன் அண்ணன்தான் மென்று விழுங்கிக்கொண்டு, அம்மா, அவ கீபோர்டு வாசிக்கிறதை விட்டுட்டா, ஏதோ சரக்குக் கப்பல் ஆபீஸ்ல கணக்கு வேலைக்குச் சேரப் போறாளாம், அதையெல்லாம் நீங்கதான் நல்ல விலைக்கு வித்துக் குடுப்பீங்களாம் என்றான். ஏன்டா விட்டாள் என்றால் அதற்கும் மென்று விழுங்கினான். அதட்டிக் கேட்ட பிறகு வந்தது பாரு, போன தடவை அவ வந்திருந்தப்ப சொந்தமா மெட்டுப் போட்ட பாட்டெல்லாம் போட்டுக் காட்டினாளாமே, நீங்க 'இதை யாருடி வாங்குவா'ன்னு கேட்டுட்டீங்களாமே, அதான் என்று. ஆக, இத்தனை வருஷம் நீ பழகிய வாசிப்பை நிறுத்தியது நான். சேரப் போகிற வேலைக்குக் காரணம் நான், அனுப்புகிற பெட்டிக்கு விலாசமும் நான். இதைச் சொல்ல உனக்கு ஒரு தூதன் வேறு. உன் வாயில் என்ன, பூட்டா போட்டிருக்கிறது?

சரி, வந்த சரக்கை வாசலில் போட்டு வைக்க முடியாது. என்னைப் பற்றி உனக்குத் தெரியும், ஓட்டிப் பார்க்காத பொருளை நான் யார் தலையிலும் கட்டியதில்லை, ஒரு சின்ன மோட்டார் விற்றாலும் வாளியில் தண்ணீர் வைத்து ஓட்டிக் காட்டித்தான் கொடுப்பேன். விற்பதென்றால் முதலில் சத்தம் வருகிறதா என்று பார்த்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, நானும் உன் அப்பாவும் முன்னறையில் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு உட்கார்ந்தோம். அந்தக் கத்தரிக்கோல் மாதிரி விரிகிற ஸ்டாண்டை எவன் கண்டுபிடித்தானோ, விரிப்பதற்குள் என் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. உன் அப்பா கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு குறிப்புப் புத்தகத்தைச் செய்தி வாசிக்கிற மாதிரி வாசித்தார். நான் இந்த ஒயரை எங்கே சொருகட்டும் என்று கேட்கிறேன், அவர் இடி மின்னல் நேரத்துல பிளக்கைத் தொடாதீங்கன்னு போட்டிருக்கும்மா என்கிறார், வெளியே வெயில் கொளுத்துகிறது. உண்மையைச் சொன்னால் ஒயர் வேலை எனக்குக் கஷ்டமாகவே இல்லை. கீபோர்டின் முதுகில் சத்தம் வெளியே வருகிற வாய், பெரிய ஸ்பீக்கரின் முதுகில் உள்ளே போகிற வாய், அதிலிருந்து சின்ன ஸ்பீக்கருக்கு ஒரு கிளை, எல்லாம் தொட்டியிலிருந்து கிளம்புகிற தண்ணீரைக் குளியலறைக்குக் கொண்டுபோகிற கணக்குத்தான். முப்பது வருஷமாகக் குழாய் விற்கிறவளுக்கு இதைப் படித்துத்தான் தெரிய வேண்டுமா?

எல்லாம் முடித்துப் பார்த்தால் பெரிய ஸ்பீக்கரின் முகத்தில் ஒரு துவாரம் திறந்தே கிடந்தது. திறந்த வாயை மூடாமல் வருகிற பிளம்பரை நான் மறுபடி கடைப்படி ஏற விட்டதில்லை. பெட்டியின் அடியில் ஒரு குட்டிப் பிளக் கிடந்தது, அதற்கு ஒயரும் இல்லை வாலும் இல்லை, அந்தத் துவாரத்தில் வைத்தால் டக்கென்று அளவாக உட்கார்ந்துகொண்டது. பரவாயில்லையே, மூடிகூடக் கொடுத்திருக்கிறார்களே என்று கம்பெனிக்காரர்களை மனசுக்குள் மெச்சிக்கொண்டே ஸ்விட்சைப் போட்டேன். விளக்கு எரிகிறது, எண்கள் ஓடுகின்றன, கட்டையை அழுத்தினால் மூச்சுப் பேச்சு இல்லை. திருகுகிற குமிழையெல்லாம் கடைசி வரைக்கும் திருகிவிட்டேன், அப்போதும் இல்லை. பார்சல்காரர்கள் கீழே போட்டு உடைத்துவிட்டார்கள் என்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. உடனே போனைப் போட்டு அவர்கள் ஆபீசில் இருந்த ஆளைப் பிடித்து வாய்க்கு வந்தபடி கேட்டேன். அந்த மனிதர் பாவம், மேலே எதுவும் அடிபட்டிருக்காம்மா, பெட்டி நசுங்கியிருக்காம்மா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் பெட்டியைப் பற்றிப் பேசாதீங்க, உள்ளே இருந்த உயிரு போயிருச்சு என்று கத்திக்கொண்டிருக்கும்போதுதான் உன் அப்பா, இது என்னம்மா மூடி என்று கீபோர்டு மேல் ஒரு முழங்கையை ஊன்றிக்கொண்டு குனிந்து அந்தப் பிளக்கைப் பிடுங்கினார். அடேயப்பா! வீடே அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடி தடதடவென்று ஆடியது, அவர் பயத்தில் முழங்கையை எடுக்கவும் இல்லை. மேல் மாடியில் குடியிருக்கிற நர்ஸம்மா தூக்கக் கலக்கத்தோடு ஓடி வந்து, யார் மேல வண்டி ஏறிச்சு என்றாள். போனில் அந்தப் பார்சல் ஆள் நிதானமாக, அம்மா, சத்தம் நல்லா வருதே என்றார். இப்பதான் வருது, உங்களுக்குப் பயந்துக்கிட்டு என்று சொல்லிப் போனை வைத்தேன். வேறு என்ன சொல்வது? அது காதில் மாட்டுகிற ஹெட்போனுக்கான வாயாம், அங்கே எதையாவது சொருகினால் ஸ்பீக்கர் இரண்டும் பேச்சை நிறுத்திவிடுமாம். இதையல்லவா மின்னலுக்கு முன்னால் முதல் பக்கத்தில் போட்டிருக்க வேண்டும்?

ஆனால் என் கோபம் அந்தப் பிளக் மேல் இல்லை. பெட்டிகளைப் பிரிக்கும்போதே எனக்கு உறுத்தியது. கடையை மூடுகிறவர்கள் சரக்கை எப்படித் தள்ளிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா, அப்படிப்பட்ட எத்தனை பேரிடம் நான் சரக்கு எடுத்திருக்கிறேன், நல்லது கெட்டது பார்க்காமல் கோணியில் அள்ளிப் போட்டு வாயைக் கட்டி, எடுத்துட்டுப் போங்க, கண்ணுல காட்டாதீங்க என்பார்கள். நீ அனுப்பியதோ ஒவ்வொரு ஒயரும் ஒரே அளவு வட்டமாகச் சுற்றி, துணிப் பட்டையால் கட்டி, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒரே நிறத்தில் டேப் ஒட்டி, கட்டைகளின் மேல் உன் பழைய பருத்திச் சால்வையை நாலாக மடித்துப் போட்டு. கொஞ்ச நாளைக்கு உறவுக்காரர் வீட்டில் விட்டுவைக்கிற பிள்ளையை அப்படித்தான் உடுத்தி அனுப்புவார்கள், விற்கிற பொருளை யாரும் அப்படி அனுப்ப மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை உன் அண்ணன் சொல்லி அனுப்பிய ஆள் வந்தார். கச்சேரிக் குழு வைத்திருக்கிற தாடிக்காரர், மரியாதையான மனிதர், செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். வாசித்துப் பார்த்தார், தலையை ஆட்டினார், குனிந்து ஸ்டாண்டின் கீழே பார்த்தார். அம்மா, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பெடல் இருக்கு, இன்னொண்ணு இருக்கணுமே, மிதிச்சா கையை எடுத்த பிறகும் சத்தம் நிக்குமே, அது எங்க என்றார். நான் பெட்டியெல்லாம் கவிழ்த்துப் பார்த்துவிட்டு உன் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவன் உன்னைக் கேட்டுவிட்டு, காணோமாம்மா, எங்கேயோ தொலைஞ்சு போச்சாம் என்றான். அடி என் மகளே, இத்தனை ஒயருக்கும் முனை முனையாக நிறம் ஒட்டினவள் காலடியில் கிடந்த பெடலைத் தொலைத்தாளாம், அதை நான் நம்ப வேண்டுமாம். கைப்பிடியைக் கழற்றி வைத்துக்கொண்டு குழாயை மட்டும் விற்கக் கொடுத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று கடை வைத்திருக்கிறவளிடமே மறைக்கப் பார்க்கிறாய்.

அதற்குள் தாடிக்காரர், வாசிச்சவங்க ஏம்மா விக்கிறாங்க, விட்டுட்டாங்களா என்று கேட்டுவிட்டார். பழைய சரக்கு வாங்குகிற யாரும் கேட்கிற கேள்விதான், நானே ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், ஆனால் என் மகள் விட்டுவிட்டாள் என்று அந்த மனிதரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கேட்ட விலைக்கு மேல் ஒன்று சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துச் சரி என்றார். நான் இன்னும் மேலே போனேன். அதற்கும் முனகிக்கொண்டே சரி என்றார், நான் இன்னும் ஏறினேன். சமையலறையிலிருந்து உன் அப்பா, பேரம் படிஞ்சப்புறம் விலை ஏத்துற ஆளை இன்னைக்குத்தான் பாக்கிறேன் என்கிறார். தாடிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்து, அம்மா, நீங்க விக்கிறீங்களா, விரட்டுறீங்களா என்றார். டீ குடிச்சிட்டுப் போங்க என்றேன்.

இப்போது நீ என் தலையை உருட்டுகிற அந்தக் கேள்விக்கு வருகிறேன். நீ வளர்ந்தது எங்கே? பள்ளிக்கூடம் விட்டு வந்து என் கடையில் பைப் கட்டுகளின் மேல் உட்கார்ந்துதானே பாடம் எழுதினாய்? புதுச் சரக்கைத் தூக்கிக்கொண்டு வருகிற ஆட்கள் என் முன்னால் நின்றதை எத்தனை தடவை பார்த்திருக்கிறாய்? எனக்குப் பிடிக்காத சரக்கென்றால் நான் என்ன செய்வேன்? ஒன்றுமே கேட்க மாட்டேன். தண்ணீர் கொடுப்பேன், நல்லா இருக்கு தம்பி, பாத்துச் சொல்றேன் என்பேன், அவர் சிரித்துக்கொண்டே போவார், அதோடு முடிந்தது. எடுக்கலாம் என்று மனசில் பட்டால்தான் இதை யாருய்யா வாங்குவா என்று கேட்பேன், அவர் மல்லுக்கு நிற்க வேண்டும், இன்னார் வாங்குவார், இதற்காக வாங்குவார் என்று என் வாயை அடைக்க வேண்டும், அப்புறம்தான் ஆர்டர். அந்த ஆட்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி, ஒருவர்கூட அழுதுகொண்டு பெட்டியைக் கட்டியதில்லை. உன் பாட்டைக் கேட்டு நான், நல்லா இருக்கு கண்ணு, பாத்துக்கலாம் என்று சொல்லியிருந்தால் அல்லவா நீ வாசிப்பை விட்டிருக்க வேண்டும்? என் கடையில் வளர்ந்தவள் என் பேச்சை வழியில் போகிறவள் மாதிரி கேட்டிருக்கிறாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தாடிக்காரர் டீ குடிக்கும்போது, என் மக சொந்தமா மெட்டுப் போடுற பாட்டை யாரு வாங்குவா என்று அதே கேள்வியை அவரிடம் போட்டேன். அவருக்கு ஒன்றும் கோபம் வரவில்லை. எழுதிக் குடுத்ததை வாசிக்கிற ஆளுங்க நிறையப் பேர் இருக்காங்கம்மா, சொந்தமா மெட்டுப் போடுற ஆளுதான் கிடைக்க மாட்டேங்குது, விளம்பரம் எடுக்கிறவங்க தேடுறாங்க, நாடகம் போடுறவங்க தேடுறாங்க, ஆனா மாசாமாசம் சம்பளம்னு எதிர்பாக்கக் கூடாது, வர்ற மாசம் வரும், வராத மாசம் வராது என்றார். நேர்மையான பேச்சு. வராத மாசத்துக்கு என்ன வழி என்று அடுத்ததாகக் கேட்டேன், அதற்கும் அவரிடம் பதில் இருந்தது, பகலில் அவர் லாரி ஷெட்டில் டயர் கணக்குப் பார்க்கிறாராம். ஆகவே நீ கணக்கு வேலைக்குப் போவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, போ, சம்பளம் வருகிற வேலையை நான் எப்போதும் குறை சொன்னதில்லை, ஆபீசில் முதல் நாளே எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதே, அதற்கப்புறம் இறக்க விட மாட்டார்கள். ஆனால் ஒரு வேலைக்குப் போக இன்னொன்றை ஏன் பார்சலில் கட்டுகிறாய்?

கீபோர்டு முன்னறையில்தான் நிற்கிறது. தினமும் சாயங்காலம் உன் அப்பா ஒற்றை விரலால் குத்திக்கொண்டிருக்கிறார், நர்ஸம்மா பொறுத்துக்கொள்கிறாள். உனக்கே வாசிக்கப் பிடிக்கவில்லை, கை ஓய்ந்துவிட்டது, மனசு ஒட்டவில்லை என்று எழுது, அன்றைக்கே தாடிக்காரரைக் கூப்பிட்டுக் குறைந்த விலைக்கே கொடுத்துவிடுகிறேன், அதில் எனக்குத் துளி மனக்குறை இருக்காது, வேண்டாம் என்பது உன் உரிமை. ஆனால் அம்மா கேட்டாள், அதனால் விட்டேன் என்பதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன், அந்தக் காரணத்துக்கு இந்த வீட்டிலிருந்து ஒரு ஒயர்கூட வெளியே போகாது. யார் வாங்குவார்கள் என்பதற்குத் தாடிக்காரர் சொன்னது அவருடைய பதில். எனக்கு வேண்டியது உன் பதில். மல்லுக்கு நில், என் வாயை அடை, கத்த வேண்டுமென்றால் கத்து.

வேளாவேளைக்குச் சாப்பிடு, தலையைக் காயவிட்டுத் தூங்கு. எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடட்டும், அது கணக்கானாலும் சரி, பாட்டானாலும் சரி. அப்பாவும் தன் ஆசியைச் சேர்த்து எழுதச் சொல்கிறார். மறக்காதே, பதில் எனக்கு வர வேண்டும், உன் கைப்பட, அண்ணன் வாய் வழியாக வந்தால் போனை வைத்துவிடுவேன்.

கேள்வி கேட்டதற்கு இன்னும் வருத்தப்படாத
உன் அம்மா