மாமன் மகனுக்கு என்ன தெரியும்?

என் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். போய்ச் சேர்ந்த இடத்தில் உங்களுக்கு என்ன குறை இருக்கப்போகிறது? இங்கே ஒரு சேதி. நம் பேத்தி வள்ளி கம்பெனி தொடங்கியிருக்கிறாள். ஸ்டார்ட்அப் என்கிறார்கள். நெல்லில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று களத்திலேயே சொல்லிவிடும் ஒரு சின்னப் பெட்டி. மூட்டையைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போய், ஈரம் கூடுதல் என்று அவர்கள் திருப்பி அனுப்ப, அலைய வேண்டாம் பாருங்கள்.

பெட்டிக்குள் இருக்கும் கம்பி வேலையெல்லாம் வள்ளியுடையது. அதைப் போனில் காட்டுகிற வேலை அவள் தோழி சமீமாவுடையது. பட்டறைக்கு நம் அரிசி மில் கிடங்கைக் கேட்டார்கள். தருகிறேன், ஆனால் என் தம்பி பேரன் சோமுவையும் கூட்டாளியாகச் சேர்க்க வேண்டும் என்றேன். வள்ளிக்கு அவன் மாமன் மகன் முறை. முறைக்காரன் சும்மா இருக்க, வெளியாளை வைத்துத் தொழில் செய்வார்களா?

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். மில் தொடங்கும்போது என் தம்பியை விட்டுவிட்டு, லாரி வைத்திருந்த காதரைக் கூட்டுச் சேர்த்தீர்கள். நான் கேட்டதற்கு, என் அக்காள் மகள் காதுகுத்துப் பந்தியில், பாயசம் ஊற்றுகிற நேரத்தில், அத்தனை பேர் முன்னால் சொன்னீர்கள்: "எனக்கு மில்லு தெரியும், காதருக்கு ரோடு தெரியும். ஒன் தம்பிக்கு என்ன தெரியும்?" பாதி இலையில் எழுந்து போனேன். நீங்கள் மறந்திருப்பீர்கள். எனக்கு அந்தப் பாயசத்தில் முந்திரி கருகியிருந்தது வரை நினைவிருக்கிறது.

முதல் போடுகிறவர்கள் சென்னையிலிருந்து வந்தார்கள். ஒரு பெண்தான் பேசினாள். பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். பிறகு இந்த மூன்று பேரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வேடிக்கையாக இருந்தது. சரக்கை விட்டுவிட்டு ஆளை ஏன் பார்க்கிறாள்?

"சோமு, இதுல உங்க வேலை என்ன?"

அவன் என்னைப் பார்த்தான். "அவன் மாமன் மகன்" என்றேன் நான்.

"அது சரிம்மா. அவருக்கு என்ன தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. நீங்கள்தான் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்களோ என்று நினைத்தேன்.

"செய்யத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர் இருக்கீங்க. விவசாயிகிட்டப் போய் விக்கத் தெரிஞ்சவங்க யாரு? அந்த ஆளோட வாங்க, பணத்தைப் பத்திப் பேசலாம்" என்று எழுந்துவிட்டாள்.

வாசலில் மறித்தேன். "ஏம்மா, பெட்டி நல்லாத்தானே இருக்கு? ஆளைப் போட்டு ஏன் இம்புட்டு நோண்டுறீக?"

"பெட்டி மாறும்மா. இதைவிட நல்லதா வேற யாராவது கொண்டு வருவாங்க. அன்னைக்கு சமாளிக்கப் போறது இவங்கதானே?"

கார் போனதும் சோமுவைப் பிடித்துக்கொண்டேன். "வாயில என்னடா, கொழுக்கட்டையா? எதையாச்சும் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"என்னத்தச் சொல்ல, அம்மாச்சி? எனக்கு இந்தப் பெட்டியப் பாத்தாலே கொட்டாவி வருது. ஏசி மெக்கானிக் வேலைக்குப் போறேன்னுதானே சொல்லிக்கிட்டு இருந்தேன். யாரு கேட்டீக?"

சமீமா சிரித்துவிட்டாள். "நாங்களும் கேக்கல அப்பத்தா. கிடங்கு போயிருமேன்னு பயம்."

இப்போது சோமு காரைக்குடியில் ஓர் ஏசி கடையில் வேலை பார்க்கிறான். நன்றாகத் தூங்குகிறானாம். அவன் இடத்துக்கு, திருப்பத்தூரில் விதையும் உரமும் விற்றுக்கொண்டிருந்த ராணி வந்திருக்கிறாள். நமக்கு எந்த முறையும் இல்லை. சென்னைப் பெண் மறுபடி வந்தபோது, அவள் கேட்கும் முன்னால் ராணி வள்ளியையும் சமீமாவையும் கேட்டாள்: "பெட்டி கெட்டுப்போச்சுன்னா வெள்ளாமை பண்ற சம்சாரி ஒங்க ஆபீசுக்கா வருவாரு? வித்தவ எவளோ அவ வீட்டு வாசல்லதான் வந்து நிப்பாரு. அதுக்கு என்ன வழி வச்சிருக்கீக?" மூன்று பேரும் அங்கேயே சண்டை பிடித்துக்கொண்டார்கள். காரியம் கெட்டது என்று நான் தலையில் கைவைத்தேன். அந்தப் பெண்ணோ சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். வள்ளி அழுதே விட்டாள்.

அதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. காதரிடம் என்னத்தைப் பார்த்துச் சேர்த்தீர்கள்? லாரியையா, ஆளையா? என் தம்பியை அப்படி அலசிப் பார்த்துத்தான் வேண்டாம் என்றீர்களா, இல்லை அவனைப் பிடிக்காமலா?

இன்னொன்று. அவனுக்காக நாம் இத்தனை சண்டை போட்டோமே, மில்லில் பங்கு வேண்டும் என்று அவன் என்றைக்காவது வாய் திறந்து கேட்டானா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், எனக்கு நினைவில் இல்லை. எனக்கு நினைவில் இல்லை என்றால் அது நடக்கவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை வலையபட்டிக்குப் போய் அவனையே கேட்கப் போகிறேன். அவனுக்குக் காது மந்தம், கத்தியாவது கேட்பேன். ஆசையே இல்லை என்று அவன் சொன்னால், உங்கள் மேலுள்ள வருத்தத்தை அந்த ஊரிலேயே விட்டுவிட்டு வருவேன். சத்தியம். ஆசைப்பட்டேன் என்று சொன்னால் மட்டும், நான் அங்கே வரும்போது பதிலோடு இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தை மகள்
அழகம்மாள்