குறிப்பாய்ச் சொன்ன ஜெபம்

ஜூலை 8, திங்கள்

அம்மா இன்று காலை வீட்டுக்கு வரவில்லை. நைட் டூட்டி முடிந்து பஸ் ஏறியவள், எங்கள் சமாதானபுரம் ஸ்டாப்பைத் தாண்டித் திருச்செந்தூர் வரைக்கும் போயிருக்கிறாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பூட்டின கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வந்தாள்.

"ஒறங்கிட்டியாம்மா?"

"இல்லட்டி. முழிச்சிதான் இருந்தேன். நம்ம ஸ்டாப்பு வந்ததையும் பாத்தேன். எந்திரிக்கத் தோணல."

பிறகு, "முருகன் கோயில் வாசல்வர போயிட்டு வந்திருக்கேன், நம்ம ஐயர்ட்ட சொல்லிராத" என்று சிரித்தாள். எங்கள் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருட்டியதும் மறுபடி யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். ஐ.சி.யூ.வில் இரண்டு நர்சுகள் வேலையை விட்டதிலிருந்து அம்மாவுக்கு லீவே இல்லை.

அப்பா லாரியோடு நாக்பூர் பக்கம். நான் தனியாக இருக்கிறேன்.

ஜூலை 11, வியாழன்

துணி துவைத்துக்கொண்டே அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். மறுமுனையில் தஸ்மியா அக்கா. மேலப்பாளையத்துக்காரி, அம்மாவோடு அதே வார்டில் வேலை.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலலா, விடுங்கக்கா."

"நீ கையப் பிடிக்கலன்னா?"

"பிடிச்சேம்லா. ரிப்போர்ட்ல எழுத வேண்டாம். எழுதினா ஒங்கள வச்சி தாளிச்சிருவாங்க."

நாலாம் பெட் ஆளுக்குப் போட வேண்டிய சர்க்கரை ஊசியை அம்மா அஞ்சாம் பெட் ஆளுக்குப் போடப் போயிருக்கிறாள். போட்டிருந்தால்? போனை வைத்த பிறகும் வாளிப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் நிறைந்து வழிந்தது.

"எப்பவும் பேரக் கேட்டுட்டுதான் ஊசி போடுவேன். அன்னைக்கி கேக்கல."

என்னிடம் சொல்லவில்லை. யாரிடமும் இல்லை. நான் போய்க் குழாயை அடைத்தேன்.

ஜூலை 12

பகலில் வீட்டில் இருந்தும் அம்மா உறங்கவில்லை. சோறு வைத்தது வைத்தபடி இருக்கிறது. நான் யாரிடம் சொல்ல?

ஜூலை 14, ஞாயிறு

இன்று சண்டே ஸ்கூலில் யார் யாருக்கு என்ன ஜெபிக்க வேண்டும் என்று கிறிஸ்டி டீச்சர் கேட்டார். "எங்க வீட்டுக்காக, எங்க ஊருக்காகன்னு பொத்தாம்பொதுவா சொல்லாதீங்க பிள்ளைகளா. குறிப்பா கேட்டாத்தான் கர்த்தர் குறிப்பா பதில் தருவாரு."

கிங்ஸ்டன் தன் நாய்க்குட்டிக்கு வயிற்றுப்போக்கு என்றான். டீச்சரே சிரித்துவிட்டார். அடுத்தது நான்.

கண்ணை மூடிக்கொண்டு குறிப்பாகச் சொன்னேன். அம்மா உறங்காதது, பஸ், ஊசி, நாலாம் பெட், அஞ்சாம் பெட், தஸ்மியா அக்கா கையைப் பிடித்தது, ரிப்போர்ட்டில் எழுதாதது. எல்லாம். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நீளமாக ஜெபித்தார்.

நெஞ்சு லேசாக இருக்கிறது. இன்று உறக்கம் வரும்.

ஜூலை 19, வெள்ளி

புதன்கிழமை எங்கள் சபையில் கூடும் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் ஜெபிக்கட்டும் என்று டீச்சர் அங்கே சொல்லியிருக்கிறார். அம்மாவின் ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கெல்லாம் மேலே இருக்கும் மேட்ரனுடைய அக்கா அந்தச் சங்கத்தில் இருக்கிறார். இன்று அம்மாவையும் தஸ்மியா அக்காவையும் ஆபீசுக்குக் கூப்பிட்டு, ஏன் மறைத்தீர்கள் என்று மெமோ கொடுத்துவிட்டார்கள்.

அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "சண்டே ஸ்கூல்ல என்னட்டி சொன்ன?"

அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

நான் ஜெபத்துலதான சொன்னேன். இயேசப்பாட்டதான சொன்னேன். கண்ண மூடிக்கிட்டுச் சொன்னா அது வெளிய போவும்னு எனக்கு எப்படித் தெரியும்? டீச்சர் பேரில் தப்பா? அவர்களும் ஜெபத்துக்குத்தானே சொன்னார்கள். பிறகு யார் பேரில்?

ஜூலை 20, சனி

சங்கத்துப் பெண்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அம்மா குளித்துவிட்டு ஈரத்தலையோடு இருந்தாள். சுற்றி நின்று தலையில் கை வைத்து, சோர்வின் ஆவியைக் கடிந்துகொள்ளும் ஆண்டவரே என்று சத்தமாக ஜெபித்தார்கள். பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்தினார்கள். அம்மா எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள்.

அவர்கள் போன பின் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்தாள்.

"எனக்கு ஆவியும் இல்ல, பேயும் இல்ல. ஒரு நாள் லீவு கேட்டேன். ரெண்டு மாசமா அதத்தான் கேட்டேன்."

ஆகஸ்ட் 3, சனி

அம்மாவிடம் ராஜினாமா எழுதி வாங்கிவிட்டார்கள்.

தஸ்மியா அக்காவையும் நிறுத்திவிட்டார்கள். அவளுக்குச் சவூதியில் நர்ஸ் வேலை ஏறக்குறைய முடிவாகியிருந்தது. இங்கே வேலை பார்த்ததற்குச் சர்டிபிகேட் கொடுத்தால் போதும். கொடுக்க மாட்டோம் என்கிறார்களாம். இதைக் கேட்டதிலிருந்து அம்மா பாயை விட்டு எழவில்லை.

அப்பா வந்து மனநல டாக்டரிடம் கூட்டிப் போனார். மாத்திரை, முழு ஓய்வு. திரும்பி வரும்போது ஆட்டோவில் அப்பா அம்மாவிடம், "டயரு தேஞ்ச பொறவும் ஓட்டிருக்கோம் ஜெபராணி. நானும் பாக்கல" என்றார். அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அம்மா சபை ஆராதனைக்கு வரவில்லை என்றாள். நானும் போகவில்லை. மத்தியானத்துக்கு மேல், "வா, மேலப்பாளையம் போய்ட்டு வருவோம்" என்றாள். வழி முழுக்க நான் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

தஸ்மியா அக்கா எங்களைப் பார்த்ததும் பாயை விரித்தாள். அம்மா அழத் தொடங்கியதும், "இந்தா, இதுக்குத்தான் பஸ்ஸேறி வந்தியளா" என்று அதட்டினாள். பிறகு பைய, "ராத்திரி ஒறங்குதீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"ஒறங்குதேன்."

"அப்ப சரி."

சவூதிக்கு வேறு பெண்ணை எடுத்துவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அக்கா என்னைப் பார்க்கவில்லை. மனப்பாடம் செய்தது எதுவும் என் வாயில் வரவில்லை. டீயைக் குடித்தேன்.

கிளம்பும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒம்மேல கோவம் இல்லட்டி ரீபா. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா. எங்க வீட்ல ரெண்டு நாள் கொண்டுவந்து படுக்கப் போட்டிருப்பேன் ஒங்கம்மாவ."

அக்காவின் நம்பர் என் போனில் இருந்தது. எப்போதும் இருந்தது.

செப்டம்பர் 2

மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் அம்மா உறங்கிவிட்டாள். லேசாகக் குறட்டைகூட விடுகிறாள். தஸ்மியா அக்காவுக்குச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. நைட் டூட்டி மட்டும்தான் இருக்கிறது என்றார்களாம், சரி என்றுவிட்டாள். இந்நேரம் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமோ பேரைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.