எஸ்தர் கல்யாணத்துக்குக் கடைந்த பேனா

என் பிரியமான அத்தானுக்கு,

கர்த்தருடைய சமூகத்தில் சுகமாய் இருப்பீர்கள். இங்கே போன வாரம் நம் எஸ்தருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தேவாலயத்தில் கல்யாணம் முடிந்தது.

மகள் பதிவேட்டில் கையெழுத்துப் போட என்று வெப்பாலைக் கட்டையில் ஒரு பேனா கடைய ஆரம்பித்துப் பாதியில் போய்விட்டீர்களே, அது கடைசல் பட்டறையில் மாட்டியபடியே கிடந்தது. உங்கள் அண்ணன் பார்த்தார். "இத விட்டுத் தள்ளு, கடையில வாங்கிக்கிடலாம். சாட்சிக் கையெழுத்த நான் போடுதேன். தாலி இழந்தவ நீ, பின்னால உக்காந்து ஜெபம் பண்ணு" என்றார்.

ஜெபம் பண்ணினேன். எழுந்து வந்து உளியை எடுத்தேன்.

இத்தனை வருஷம் கடைசலுக்கு வார் இழுத்தவள் நான்தானே? நான் இழுக்கக் கட்டை சுழலும், நீங்கள் கடைவீர்கள். இப்போது வாரை எஸ்தரிடம் கொடுத்தேன். கல்யாணப் பெண்ணுக்கு உள்ளங்கை சிவந்துபோயிற்று. "மருதாணியே வேண்டாம்மா" என்று சிரித்தாள்.

கட்டை முன்னால் சுற்றும்போதுதான் வெட்ட வேண்டும். திரும்பிச் சுற்றும்போது உளியைத் தூக்கிவிட வேண்டும். வார் இழுப்பவளுக்கு இரண்டு பக்கமும் வேலைதான், ஓய்வு கிடையாது. அந்தப் பழக்கத்தில் உளியையும் விடாமல் அழுத்திவிட்டேன். கழுத்துப் பக்கம் பள்ளம் விழுந்தது.

"அப்பா இருந்தா வஞ்சிருப்பாவ."

"வரச் சொல்லு. வந்து வையட்டும்" என்றேன். அவள் மறுபடியும் வாரை இழுத்தாள்.

பள்ளத்தைச் சுற்றிலும் வளையமாகக் கடைந்தேன். சுழலும் கட்டையில் சிவப்பு அரக்குக் குச்சியை அழுத்த, சூட்டில் உருகி வளையத்தில் இறங்கியது. தாழை மடலால் தேய்த்தேன். இந்தப் பளபளப்பு உங்களுக்கு வந்திருக்குமா? முனையில் நிப்பைச் செருகினேன்.

மகளும் மருமகனும் அதில்தான் எழுதினார்கள். "பெண் வீட்டுச் சாட்சி?" என்றார் போதகர். உங்கள் அண்ணன் எழுவதற்குள் நான் மேசைக்கே போய்விட்டேன். அவர் பின்னாலேயே வந்தார்.

"ஏட்டி, இங்க என்ன?"

"கையெழுத்துப் போட வந்தேன்."

மைத் திண்டை என் பக்கம் நகர்த்தினார். "அப்ப கைநாட்டு வையி."

வேதாகமத்தைப் பார்த்து எழுத்துக் கூட்டி, வீட்டுக் கணக்கு எழுதியே பழகிய கை இது. அவருக்கு எங்கே தெரியும்? திண்டை அவர் பக்கமே தள்ளினேன். 'எஸ்தரின் தாய் ஞானம்மாள்' என்று முழுசாக எழுதினேன். தாலி இழந்தவள் எழுதினாள் என்று ஒருவரும் எழுந்து போகவில்லை. போதகர் ஒற்றுத்தாளை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மை தானாகக் காயும்வரை அங்கேயே நின்றேன்.

நீங்கள் இருந்திருந்தால் நீங்கள் போட்டிருப்பீர்கள், நான் வேடிக்கை பார்த்திருப்பேன். அதுவும் சரியில்லை அத்தான். நீங்கள் இருந்த நாளில் ஏன் எனக்கு அது தோன்றவில்லை?

சின்னவள் ரூத்தின் கல்யாணத்துக்கும் நானே பேனா கடைவேன், நானே கையெழுத்துப் போடுவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. உங்கள் அண்ணனிடமும் பந்தியிலேயே சொல்லியாயிற்று. அவர் இலையில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

என்றும் உங்கள் மனைவி,
ஞானம்மாள்,
இராஜபாளையம்.