பெயர் அச்சடித்த பை

உலு திராம், மலேசியா
ஞாயிறு காலை

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் நம் மகள் ஷாஸியாவும் நலம். மாமா தானாகவே எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள் என்று நீங்கள் சொன்னதிலிருந்து மனசு லேசாக இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

கடையைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் நன்றாக நடக்கிறது என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிடுகிறேன். மாமா பக்கத்தில் படுத்திருக்கும்போது வேறெதுவும் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் ஊருக்கு வரும் ஃபிர்தௌஸ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன மாதம் பெய்த மழையில் பின்சந்துக் கால்வாய் அடைத்துக்கொண்டு, தண்ணீர் கடைகளுக்குள் ஏறிவிட்டது. நம் கடை மேடு என்பதால் தரை நனைந்ததோடு சரி. பக்கத்துத் தையல்கடை புஷ்பவள்ளி அக்காவுக்குத்தான் பெரிய அடி. கல்யாண வீட்டுக்குத் தைத்து வைத்திருந்த ரவிக்கைகள் சேற்றில் கிடந்தன.

மறுநாள் நகராட்சி மஜ்லிஸ் ஆட்கள் வந்து கொக்கி போட்டு இழுத்தார்கள். வந்தது மண்ணோ மரக்கிளையோ இல்லை, பிளாஸ்டிக் பைகள். பெரிய மூட்டையாக உருண்டு திரண்டு வந்தன. பாதிக்குமேல், வீட்டுக்கு வாங்கிப்போகிறவர்களுக்கு நாம் பொங்குஸ் கட்டிக் கொடுக்கிற பைகள். ஒன்றைப் பிரித்துப் பார்த்த அக்கா, "மஹ்மூதா, இது உங்க மாமா பேருதானே?" என்று கேட்டார். பச்சை எழுத்து கொஞ்சமும் அழியவில்லை: ஜெய்னுலாபுதீன் உணவகம். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ரவிக்கைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து நானும் ஷாஸியாவும் அலசிக் காயவைத்தோம். கறை போகாததை அக்கா புதிதாகத் தைத்தார், நான் கூட உட்கார்ந்து கொக்கி வைத்தேன். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. எங்களையும் அழைத்திருந்தார்கள்.

அதோடு பையை நிறுத்திவிட்டேன். உங்களிடம் கேட்கவில்லை. பெயர் அச்சடித்து வந்த அன்று நீங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சாக்கடையில் பார்த்தபிறகு கை வரவில்லை. இப்போது நாசி லெமாக் சோறு கட்ட வாழை இலையும் தாளும். பையில் ஊற்றிக் கட்டிக் கொடுத்த தே தாரிக் டீக்கு இனி அவரவர் பாத்திரம் கொண்டுவர வேண்டும். காலையில் வழக்கமாக வரும் ஜெயபாலன் அண்ணன், வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் வாளியா தூக்கிக்கொண்டு வர முடியும் என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். இப்போது அவரே மோட்டார்சைக்கிளில் தூக்குச்சட்டியை மாட்டிக்கொண்டு வருகிறார். அங்கே தே ஒரே தண்ணியாம்.

நேற்றும் நல்ல மழை. கால்வாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் அடுப்படிவரை கேட்டது.

மாமா நடமாடும்வரை கூடவே இருங்கள், அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். வந்ததும் கல்லாவில் வழக்கம்போல நீங்களே உட்காருங்கள். காலை வியாபாரத்தை மட்டும் என்னிடமே விட்டுவிடுங்கள், மச்சான். விடியலில் கடை திறப்பது எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் ஆரோக்கியத்தைத் தரட்டும்.

உங்கள்
மஹ்மூதா