நீங்கள் வராத கல்யாணத்தின் படம்

அப்பா, சாப்பாட்டு மேசையில் உங்கள் முகம் காய்ந்துகொண்டிருக்கிறது. ஒரு முகம் அல்ல, மேசை நிறைய. பளபளப்புத் தாளில் மை உலரும்போது லேசாகப் புளித்த வாடை வருகிறது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் பரப்பி வைத்துவிட்டு, மின்விசிறியை நிறுத்தி உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றில் நீங்கள் செங்கல் நிறத்தில் இருக்கிறீர்கள். இன்னொன்றில் கன்னத்தில் பச்சை பாய்ந்திருக்கிறது. மூன்றாவதில் ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு நின்றவர் போல வெளுத்திருக்கிறீர்கள்.

வீட்டுக்குப் பிரிண்டர் வாங்கியிருக்கிறோம். அச்சடிக்கும், நகலெடுக்கும், பழைய படத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்தால் ஸ்கேன் செய்யும். எல்லாம் ஒரே பெட்டியில். நீங்கள் ஒருநாளும் தூக்கிக் கொஞ்சாத உங்கள் பேத்திதான் கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்தாள். அடுத்த மாதம் அவளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் முதன்முறையாக அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுக்கு வரப்போகிறார்கள். அவர்கள் கண்ணில் படும்படி கூடத்தில் குடும்பப் படம் ஒன்று இருக்க வேண்டும், அதில் நீங்களும் இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பிடிக்கவில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் பிரிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். சோதித்துப் பார்க்கும் பொறுப்பு என்னுடையது. கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன் அல்லவா? துறைத்தலைவர் நாற்காலிக்குத்தான் நான் போதாதவனாகிப் போனேன், பிரிண்டருக்குப் போதும்.

முறையாகத்தான் தொடங்கினேன். சாதாரணத் தாளில் எழுத்துகள் கூர்மையாக விழுந்தன. வினாத்தாள் அடிக்க இது தாராளம். நகல் சுமார், பென்சில் கோடுகளை விழுங்கிவிடுகிறது. தாள் தட்டு மெலிந்த பிளாஸ்டிக், வேகமாக இழுத்தால் கையோடு வந்துவிடும் போலிருக்கிறது. மையைப் புட்டியிலிருந்து தொட்டியில் ஊற்றிக்கொள்ளும் வகை, ஊற்றும்போது சிந்தவில்லை. ஆனால் சில வாரம் சும்மா விட்டால் துளைகள் காய்ந்து அடைத்துக்கொள்ளுமாம். அடைத்தால் சுத்தம் செய்கிறேன் என்று தன் மையையே குடித்துத் தீர்க்குமாம். பேசாமல் விட்டு வைத்தது என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகுதான் உங்கள் படம். என்னிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. நான் கல்லூரியில் படித்தபோது வாங்கிய கேமராவில் எடுத்தது. மோட்டார் அறைச் சுவரில் சாய்ந்து, தலையில் துண்டோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி நிற்கிறீர்கள். "படத்தப் புடிச்சு என்ன பண்ணப்போற? போயி மடையத் திருப்பு சாமி" என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தபோதே அழுத்திவிட்டேன். வாய் பாதி திறந்திருக்கிறது.

அதை இயந்திரத்திடம் கொடுத்தால், அது உங்களைத் திருத்துகிறது. முகம் என்று கண்டுகொண்டதும் தானாகவே வெளிச்சம் கூட்டி, தோலை மெழுகி, சிவந்த மனிதராக்கித் தருகிறது. அந்தத் திருத்தங்களை அமைப்புகளுக்குள் தேடிப்பிடித்து ஒவ்வொன்றாக அணைத்தேன். தாளின் வகையை மாற்றிச் சொன்னேன். கறுப்பு கூட்டினேன், சிவப்பு குறைத்தேன். கடைசியில் ஒரு தாளில் நீங்கள் வந்தீர்கள். கரும்புக் காட்டில் வெந்த அந்த நிறம், கழுத்து மடிப்பில் இன்னும் கறுத்து. தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். உங்களைப் பிடிக்கும் என்பதால் அல்ல. சரியாக வந்திருந்தது, அதனால்.

இதற்கு முன்பு தம்பியிடமும் கேட்டுப் பார்த்தேன், வேறு நல்ல படம் இருந்தால் அனுப்பச் சொல்லி.

"பிளக்ஸுக்குப் போட்டமுங்களே, அதையே அனுப்பறனுங்கண்ணா. சூப்பரா இருக்குமுங்க."

அவன் மகன் கல்யாணத்துக்கு மண்டப வாசலில் வைத்த பிளக்ஸ். நீங்கள் மேகத்துக்கு நடுவிலிருந்து பூப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். நம் பக்கத்தில் இப்போது செத்தவர்கள் எல்லோரும் மேகத்தில்தான் இருக்கிறார்கள். எந்த விசேஷத்துக்கும் தவறாமல் வருகிறார்கள்.

"அதுல எதுக்குடா கோட்டு? அப்பா எப்பக் கோட்டுப் போட்டாரு?"

"ஸ்டுடியோக்காரனே போட்டுட்டானுங்க. எல்லாத்துக்கும் அப்படித்தான் போடறான். எடுப்பா இருக்குதுங்களே?"

நான் போனை வைத்துவிட்டேன். பெரியவன் நான். உங்களுக்குக் கொள்ளி வைத்தவன் அவன். மாமன்கள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். என்னிடம் கேட்கக்கூட இல்லை. உங்களுக்குக் கோட்டு மாட்ட விட்டவனுக்கு அந்த உரிமையும் இருந்தது.

ஒரு பொருளை எப்படிச் சோதிப்பது என்று உங்களைப் பார்த்த யாரும் மறக்க முடியாது. நாமக்கல்லில் மோட்டார் வாங்கப் போனபோது நானும் கூட வந்தேன். கடைக்காரர் காட்டிய அட்டையைப் பார்க்கவே இல்லை. "ஓட்டுங்க" என்றீர்கள். ஓட்டினார். உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றீர்கள். போதும் என்று அவர் நிறுத்தப் போனபோது, "இப்பத்தான சூடாகுது, ஓடட்டும்" என்றீர்கள். டீ குடித்து வந்து மறுபடி கை வைத்தீர்கள். "ஏனுங்க, பொண்ணு பாக்க வந்தாப்பல பாக்கறீங்க" என்று அவர் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. அந்த மோட்டார் இன்றும் ஓடுகிறது என்று தம்பி சொல்கிறான்.

மோட்டாருக்குக் கொடுத்த அந்த நேரத்தை நீங்கள் ரோஸ்லினுக்குக் கொடுக்கவில்லை. அவளைப் பற்றி நான் சொன்ன நாளில் கரும்புக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. ஆலைக்கு வெட்டுவதற்கு இன்னும் நாள் இருந்தது. மண்வெட்டியை நிறுத்தாமலே கேட்டீர்கள்.

"நம்ம சனத்துல புள்ளயே இல்லியா?"

"ஒருக்கா வந்து பாருங்கப்பா. பாத்துட்டு வேண்டாம்னு சொல்லுங்க."

மண்வெட்டி நின்றது. "பாத்துப்போட்டா வேண்டாம்னு சொல்ல முடியாமப் போயிரும் சாமி. அதுக்குத்தான் வரமாட்டங்கறன். நீ போ."

இதை அம்மா பிற்பாடு பெரிய மனசு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அப்படி நினைக்கவில்லை. எதிரே வந்து நின்று மறுக்கிறவனோடு சண்டையாவது போடலாம். கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "அவளக் கூட்டிட்டு வரட்டுங்களா?" என்று கேட்டேன். "இந்தக் கோலத்துலயா? வேண்டாஞ் சாமி" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். உங்களிடம் எப்போதும் ஒரு காரணம் இருந்தது.

நேற்று மாலை பேத்தி ஒரு தாளை என் முன்னால் வைத்தாள்.

"இதப் பாருங்கப்பா. பிரிண்டரு எப்படின்னு இப்பச் சொல்லுங்க."

எங்கள் கல்யாணப் படம். தேவாலயப் படிக்கட்டு. நடுவில் நானும் ரோஸ்லினும். இடப்பக்கம் அவள் அப்பா, அம்மா. வலப்பக்கம், இத்தனை வருடமும் படிக்கட்டும் ஒரு பூந்தொட்டியும் மட்டுமே இருந்த இடத்தில், நீங்கள். பட்டுக்கரை வேட்டி, வெள்ளைச் சட்டை, பல் தெரியச் சிரிப்பு. உங்கள் கை என் தோளில் இருந்தது. நான் ஸ்கேன் செய்து வைத்திருந்த உங்கள் படத்தையும், ஆல்பத்துப் படத்தைப் போனில் எடுத்து அதையும் ஏதோ செயலியில் கொடுத்து இதைச் செய்திருக்கிறாள்.

அச்சு பிரமாதம். விளிம்புவரை வெள்ளை விடாமல், நிழல்கூடச் சரியான பக்கம் விழுந்து, இந்த வாரத்தில் அந்த இயந்திரம் தந்ததிலேயே சிறந்த தாள் அதுதான்.

"இவரு வரலையே" என்றேன்.

"தெரியும்ப்பா. அதான் வர வெச்சேன்."

"அவரக் கேக்காமயா?"

"உயிரோட இருக்கறப்பக் கேட்டீங்கல்ல, வந்தாரா?" என்றாள். பிறகு குரலை இறக்கி, "இன்னும் எவ்வளவு நாளைக்குப்பா அவரோட சண்டை? அவரே போயிட்டாரு."

"அவரு போயிட்டாரு. வராதது போகல."

"மாப்பிள்ளை வீட்டுல வந்து, உங்க பக்கம் ஏன் யாருமே இல்லன்னு கேட்டா?"

"இல்லன்னு சொல்லு."

"எனக்கு ஒரு மாதிரியா இருக்கும்ப்பா. அம்மாவுக்கும்தான்."

ரோஸ்லின் ஆசைப்பட்டால் மறுக்க எனக்கு நியாயம் இல்லை. உங்களிடமிருந்து அவளுக்கு எதுவும் கிடைத்ததில்லை. தாளில் வந்தாவது கிடைக்கட்டுமே என்று அவள் சொல்லிவிட்டால், தினமும் கூடத்தில் உங்கள் பொய்ச் சிரிப்பின் கீழ்தான் நான் செய்தித்தாள் படிக்க வேண்டும்.

பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் விட்டு ரோஸ்லின் வந்தாள். பையை வைக்காமலே படத்தை வாங்கினாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"மாமா" என்றாள். நேரில் ஒருதரம்கூடக் கூப்பிட்டதில்லை; ஆனாலும் அவளுக்கு நீங்கள் எப்போதும் மாமாதான். "இப்படித்தான் சிரிப்பாருங்களா?"

"சிரிப்பாரு. பல்லுத் தெரியாது."

அவள் தலையாட்டினாள். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

"என் முகத்த என்னடி பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலம்மா. நீங்க மட்டும் வேற எங்கியோ பாத்துட்டு நின்னீங்கல்ல, அது தானாவே நேராக்கிக் குடுத்துடுச்சு. நல்லாத்தான இருக்கு? கேமராவப் பாத்துச் சிரிக்கறீங்க."

"எங்கியோ இல்லடி, சர்ச்சு கேட்டத்தான் பாத்தேன்."

அவளே சொன்னாள், ஏதோ போன வாரம் நடந்தது போல.

"போட்டோக்காரரு கத்தறாரு, பொண்ணு இங்க பாரும்மா, பொண்ணு இங்க பாரும்மான்னு. மாமா ஊரு, மோகனூர்ப் பக்கமிருந்து வர்ற பஸ்ஸு அந்நேரத்துக்குத்தான்னு யாரோ சொல்லியிருந்தாங்க. மாமா கோபத்துல அப்படிச் சொல்லியிருப்பாரு, கடைசி நிமிஷத்துல வந்துருவாருன்னு எனக்கு ஒரு நினைப்பு. கேமரா பக்கம் திரும்பிட்டா, அந்த நேரம் பாத்து அவரு உள்ள வந்து, யாரும் கவனிக்காம நின்னுட்டாருன்னா?"

எனக்கு இது தெரியாது, அப்பா. அந்தப் படத்தில் அவள் வெயில் கூசி முகத்தைத் திருப்பியிருக்கிறாள் என்றே நினைத்திருந்தேன். நான் எப்போதும் பார்த்தது என் வலப்பக்கத்துப் பூந்தொட்டியைத்தான்.

மகள் தாளைக் கையில் எடுத்துக்கொண்டாள். "உங்களுக்குப் பிடிக்கும்னு பண்ணேம்மா."

"பிடிச்சிருக்கு கண்ணு. அழகா இருக்கு. உன் பீரோவுல வெச்சுக்க." அவள் தலையைத் தடவினாள். "ஆனா அவரு வந்திருந்தா நான் இப்படியா நின்னிருப்பேன்? மாலையோட படியிறங்கி ஓடியிருப்பேன். கூடத்துக்குப் பழசையே அடிச்சுத் தாங்க."

கடைசி வாக்கியம் எனக்கு.

ஆல்பத்திலிருந்து படத்தை உரித்தெடுத்துக் கண்ணாடிமேல் வைத்தேன். இயந்திரம் மறுபடியும் அவள் முகத்தைக் கண்டுபிடித்து, வெளிச்சம் கூட்டட்டுமா, திருத்தட்டுமா என்று கேட்டது. வேண்டாம், வேண்டாம் என்று அழுத்திக்கொண்டே போனேன். மெதுவாக, வரி வரியாக, தாள் வெளியே வந்தது. முதலில் தேவாலயத்தின் வளைவு, பிறகு எங்கள் தலைகள், பிறகு திரும்பியிருக்கும் அவள் முகம், கடைசியாகப் பூந்தொட்டி. பிரிண்டரை நாங்களே வைத்துக்கொள்வதாக முடிவு செய்தோம். சொன்னதைச் செய்கிறது; ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

"மாப்பிள்ளை வீட்டுல கேட்டா என்ன சொல்லுவ?" என்று ரோஸ்லினைக் கேட்டேன்.

"மாமனாரு வர்றாரான்னு பாத்துட்டு இருந்தேன்னு சொல்லுவேன். வேற என்ன சொல்றது?"

அவள் குரலில் குறை எதுவும் இல்லை. எனக்கு அந்தக் குரல் வராது. உங்களை நான் மன்னிக்கவில்லை. என் பக்கத்தை வெறுமையாக விட்டதற்காக இதுவரை வைத்திருந்த கோபத்தோடு, மாலையும் கழுத்துமாக அவளை வெயிலில் காக்க வைத்ததும் இப்போது சேர்ந்துகொண்டது. இறக்கி வைக்கும் எண்ணமும் எனக்கு இல்லை.

இன்று காலை படத்தை மாட்டினேன். எந்தச் சுவர் என்று கேட்டபோது அவள் யோசிக்காமல் காட்டினாள். ஆணியடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் புரிந்தது: படத்தில் அவள் பார்க்கிற பக்கத்தில் எங்கள் வீட்டு வாசல் இருக்கிறது. அப்போதிருந்து, வெளியே செருப்புச் சத்தம் கேட்டால், நானும் திரும்பிப் பார்க்கிறேன்.